உடல் ஓய்ந்துபோகும்போது: எது களைப்பு, எது ஆபத்து?

நெடுந்தூர ஓட்டம், மலையேற்றம், முதுகில் சுமையோடு நடக்கும் பயிற்சி, வெயிலில் மணிக்கணக்கில் செய்யும் வேலை என எதுவானாலும் ஒரு கட்டத்தில் உடம்பு "இனி முடியாது" என்கிறது. எப்போது அதைப் பொறுத்துக்கொண்டு தொடரலாம், எப்போது அங்கேயே நிறுத்த வேண்டும், நிறுத்தியபின் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் கெஞ்சினால் வேகத்தைக் குறையுங்கள். தலை குழம்பினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். தொடை எரிவது, கால் கனப்பது, மூச்சு வாங்குவது, "எதுக்குத்தான் வந்தோமோ" என்று மனம் புலம்புவது எல்லாம் கடும் உழைப்பில் இயல்பு. நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருவது, காரணமில்லாத கோபம், தெரிந்த வழியிலேயே தடுமாறுவது ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். இதில் உள்ள பெரிய சிக்கல், குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. அதனால் தொடர்வதா வேண்டாமா என்கிற தீர்ப்பை ஓய்ந்துபோனவரிடமே விடக்கூடாது. கூட இருப்பவர் தீர்மானிக்க வேண்டும். கூட யாரும் இல்லையென்றால், தெம்பாக இருந்தபோதே போட்டுக்கொண்ட விதி தீர்மானிக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் தவறான பக்கம் திரும்பி ஓடத் தொடங்கினார். எல்லைக்கோட்டை அடைவதற்குள் ஐந்து முறை விழுந்தார். கடைசி 350 மீட்டரைக் கடக்க அவருக்குச் சுமார் 10 நிமிடம் ஆனது. அதிகாரிகள் தூக்கிவிட்டதால் தகுதி இழந்தார். 1954இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காமன்வெல்த் போட்டியின் மாரத்தானில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் இரண்டாம் ஆளைவிட 17 நிமிடம் முன்னால் மைதானத்துக்குள் நுழைந்தும், விழுந்து எழுந்து விழுந்து, எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை. அதன்பிறகு அவர் பந்தயங்களில் ஓடவும் இல்லை. இரண்டு பேருமே அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள். தங்கள் உடம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அனுபவம் இங்கே காப்பாற்றாது என்பதற்காகத்தான் இவர்களைச் சொல்கிறேன்.

முதலில் சாதாரணக் களைப்பைப் பார்ப்போம். தசை முழுவதுமாகக் காலியாகி நின்றுபோவதில்லை. அதற்கு வெகு முன்பே மூளை வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. கடைசி 1 கிலோமீட்டர் என்று தெரிந்ததும் அதுவரை நொண்டிக்கொண்டிருந்தவர் திடீரென வேகமெடுப்பதை எந்த நெடுந்தூர ஓட்டத்திலும் பார்க்கலாம். கையிருப்பு இருந்திருக்கிறது, மூளை அதைப் பூட்டி வைத்திருந்தது. இந்த வகைக் களைப்பைச் சோதிக்க எளிய வழி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கொஞ்சம் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு, 10 முதல் 15 நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மூச்சு சீராகி, மனம் தெளிந்து, பேச்சு கோவையாக வந்தால் மெதுவாகத் தொடரலாம். குறைத்த பிறகும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் அது களைப்பு இல்லை, வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த "வேறு ஏதோ" பல வகை. வெளியே எல்லாம் ஒரே மாதிரி தெரியும்: ஒருவர் தள்ளாடுகிறார், விழுகிறார், உளறுகிறார். ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றில் ஆளைக் கொன்றுவிடலாம். அதனால்தான் "தண்ணி குடுங்க, சரியாயிடும்" என்று எல்லோரும் ஓடிவருவதைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

எளிதில் சரிசெய்யக்கூடியது சர்க்கரை தீர்ந்துபோவது. ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்பார்கள். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. தசைகளில் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவில். மொத்தமாக ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. ஒருவர் 1 கிலோமீட்டர் ஓடத் தன் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு முழு மாரத்தானுக்கு 2,500 தேவைப்படும். கொழுப்பும் கூடவே எரிகிறது என்றாலும், வேகமாக ஓடும்போது அதன் பங்கு குறைவு. 30 கிலோமீட்டரை ஒட்டிப் பலர் நிலைகுலைவதற்குக் கணக்கு இதுதான். கால் திடீரென்று ஈயமாகக் கனக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், அழுகை வரும், எளிய கூட்டல்கூட வராது. உட்கார வைத்து 20, 30 கிராம் சர்க்கரை உள்ளே போனால் கால் மணி நேரத்தில் முகம் மாறுவது தெரியும். வராமல் தடுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டரை மணிக்கு மேல் போனால் 90 கிராம் வரை. ஆனால் குடல் குளுக்கோஸை மட்டும் மணிக்கு 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரக்டோஸும் (பழச் சர்க்கரை) கலந்திருக்க வேண்டும், அது வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. பயிற்சி நாட்களிலேயே இப்படிச் சாப்பிட்டுப் பழகியிருந்தால்தான் வயிறு ஒத்துழைக்கும்.

இன்னொரு எளியது, ஓட்டம் முடிந்ததும் விழுவது. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. சட்டென்று நின்றதும் அந்த உதவி நின்றுபோகிறது. விரிந்திருக்கும் கால் நாளங்களில் இரத்தம் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து, கண் இருட்டுகிறது. படுக்க வைத்துக் காலை இடுப்புக்கு மேல் உயர்த்தி வைத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். முடித்த உடனே நிற்காமல் மெதுவாகக் கொஞ்ச தூரம் நடந்தால் இதைத் தவிர்க்கலாம். மருத்துவக் கூடாரங்களில் பணிபுரிகிறவர்கள் மனதில் வைத்திருக்கும் ஒரு பாகுபாடு உங்களுக்கும் உதவும்: எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு விழுந்தவர் பெரும்பாலும் இந்த வகை, எல்லைக்கோட்டுக்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவருக்குக் கடுமையான ஏதோ ஒன்று இருக்கிறது என்று எண்ணியே அணுக வேண்டும். தாண்டிய பிறகு விழுந்தவரும் 15, 20 நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாம் வகையில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது மிக முக்கியமானதுக்கு வருகிறேன். உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக். இதில் நிமிடங்கள்தான் உயிர்.

தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டை வியர்வை ஆவியாகி வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். காற்றில் ஈரப்பதம் அதிகமென்றால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வையால் பயன் இல்லை. உள்வெப்பம் ஏறிக்கொண்டே போய் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே மூளையும் குழம்பினால் அதுதான் ஹீட் ஸ்ட்ரோக். வெயில் கொளுத்தினால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். வேகம் அதிகமாக இருந்தால் மிதமான நாளிலும் வரும். முடியாதவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். ஊக்கம் மிகுந்த, விட்டுக்கொடுக்காத, இளம் வயதினருக்கே இது அதிகம் நேர்கிறது.

இதைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்றை விட்டொழிக்க வேண்டும். தோல் வறண்டு, வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது அது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றை உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கை தொங்க, ஐந்தே முக்கால் நிமிடத்தில் கடந்தார். கிட்டே வந்த மருத்துவர்களைக் கையால் விலக்கினார், தொட்டால் தகுதி போய்விடும் என்று. அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைப் பார்த்து மருத்துவர்களும் விட்டுவிட்டார்கள். அவர் 37ஆவதாக முடித்தார், விரைவிலேயே தேறியும்விட்டார். ஆனால் அந்தக் காரணம் இன்று செல்லாது. உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருக்கும். தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெற்றியிலும் காதிலும் வைக்கும் வெப்பமானிகளும் இந்த நிலையில் குறைத்தே காட்டும். மலக்குடல் வெப்பநிலை ஒன்றுதான் நம்பத்தக்கது. அதை எடுக்க வசதி இல்லையா? கடும் உழைப்பில் இருந்தவர் குழம்பியிருக்கிறார், உடம்பு சூடாக இருக்கிறது என்றால், ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொண்டு செயலில் இறங்குங்கள். இடையில் சில நிமிடம் தெளிவாகப் பேசிவிட்டு மறுபடி குழம்புவதும் உண்டு. அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது: முதலில் குளிரவையுங்கள், அப்புறம் மருத்துவமனை. அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். மிகச் சிறந்த வழி, பெரிய தொட்டியில் ஐஸ் கலந்த தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துவது. மடித்த துணியை அக்குளுக்கு அடியில் கொடுத்து ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் தலை மூழ்காது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பை ஒட்டிய நீர் சூடாகி நின்றுவிடும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி இறங்கும். 39 டிகிரியை ஒட்டி வந்ததும் வெளியே எடுத்துவிடலாம். தொட்டி இல்லையென்றால் குழாயிலிருந்து குளிர்ந்த நீரை உடம்பு முழுக்கப் பாய்ச்சுங்கள். அல்லது ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளைத் தலை, உடல், கை, கால் எல்லாம் மூடும்படி போட்டு, சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள், கூடவே விசிறுங்கள். குளிர்நீர் பட்டால் தோல் நாளங்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். நடைமுறையில் அப்படி ஆகவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரை எல்லைக்கோட்டருகிலேயே ஐஸ் நீரில் அமிழ்த்திச் சிகிச்சை அளித்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். நெடுந்தூர ஓட்டம் நடத்துகிற எவரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது. வெப்பம் 40க்குக் கீழே வர அரை மணிக்கு மேல் ஆகக்கூடாது என்பது குறிக்கோள். காய்ச்சல் மாத்திரை இதில் உதவாது. நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

2013 ஜூலையில் பிரிட்டனின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில், சிறப்புப் படைக்கான தேர்வு நடையின்போது வெயிலில் சுருண்டு விழுந்த மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் கருவி அவர்களிடம் இருந்தது. இருக்கும் இடம் தெரியும். ஆள் எப்படி இருக்கிறார் என்பதை அருகில் நின்று பேசிப் பார்க்கிற மனிதரால்தான் சொல்ல முடியும்.

அடுத்தது, "தண்ணி குடுங்க" என்பது ஆபத்தாக முடியும் நிலை. வியர்வையில் போனதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அளவுக்கு மீறினால் மூளை வீங்குகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்கு. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. வேகமாக ஓடுகிறவர்களைவிட நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். மோதிரம் இறுகுவது, கை உப்புவது, வயிறு பொருமுவது, வாந்தி, விடாத தலைவலி, பிறகு குழப்பம், வலிப்பு என்று போகும். நாக்கு வறண்டு, சிறுநீரே வராமல், எடை குறைந்திருப்பவருக்கு நீர் தேவை. முகம் ஊதி, தாகமே இல்லாமல், நிறையக் குடித்ததாகச் சொல்பவருக்குத் தண்ணீர் விஷம். தெளிவாக இருந்தால் உப்பு அதிகமான சூப் கொஞ்சம் குடிக்கலாம். குழப்பமோ வலிப்போ இருந்தால் மருத்துவமனைதான், அங்கே 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லிலிட்டராக நரம்பில் ஏற்றுவார்கள். சாதாரண சலைனை யோசிக்காமல் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தடுக்கும் வழி எளிது: தாகம் எடுத்தால் குடியுங்கள், கெடிகாரத்தைப் பார்த்துக் குடிக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நெடுந்தூர உழைப்பின்போது போடவே போடாதீர்கள். சிறுநீரகத்துக்கு அது இரட்டைச் சுமை.

சிறுநீரகம் என்றதும் இன்னொன்று. தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கப்பட்ட தசை சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். இது பெரும்பாலும் களத்தில் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, தசை வீங்கி, வழக்கமான உடல்வலியை மிஞ்சிய வலியோடு, சிறுநீர் கோலா நிறத்தில் வரும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே ஆவேசமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், நீண்ட இறக்கத்தில் ஓடியவர்களுக்கும் நேர்கிறது. அந்த நிறத்தைப் பார்த்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓய்ந்துபோன உடம்பு சூட்டைப் போலவே குளிரையும் தாங்காது. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் 172 பேர் புறப்பட்டார்கள். திடீரென்று ஆலங்கட்டி, உறைமழை, பலத்த காற்று. 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேலாடையுமாக இருந்தார்கள்; காற்றுப்புகா மேலங்கி கட்டாயமாக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை தசைதான் உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது. சர்க்கரை தீர்ந்து வேகம் குறைந்தால் அந்தச் சூடு நின்றுவிடும், நடுங்குவதற்கும் எரிபொருள் இருக்காது. நடுக்கம் நின்றுவிட்டதே, தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். உடம்பு சில்லிட்டிருக்க நடுக்கம் நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அன்று ஆடு மேய்க்கும் ஒருவர் ஆறு பேரைத் தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் கொண்டுபோய், தீ மூட்டி, கம்பளி போர்த்திக் காப்பாற்றினார். அவர் செய்ததுதான் சரியான முதலுதவி: காற்றிலிருந்து மறைவு, ஈர உடையைக் கழற்றுவது, போர்த்துவது, சூடு. தரைக்கும் உடம்புக்கும் இடையே எதையாவது விரிக்க வேண்டும். கையையும் காலையும் தேய்க்காதீர்கள், முரட்டுத்தனமாகத் தூக்காதீர்கள். குளிர்ந்த இதயம் அதைத் தாங்காது.

எந்த அறிகுறியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென மரம்போல் சாய்ந்து, அசைவின்றிக் கிடந்தால் இதயம் நின்றிருக்கலாம். சில நொடி வலிப்புபோல் வெட்டி இழுப்பதும், இடைவெளி விட்டு விட்டு வாய் திறந்து மூச்சிழுப்பதும் பார்ப்பவரை ஏமாற்றும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால் உடனே மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. தானியங்கி மின் அதிர்ச்சிக் கருவியை வரவழையுங்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் கால்பந்து ஆட்டத்தின் நடுவே விழுந்து பிழைத்தது அப்படித்தான். களத்திலேயே அழுத்தினார்கள், களத்திலேயே அதிர்ச்சி கொடுத்தார்கள். உழைப்பின்போது நெஞ்சு இறுக்கம், படபடப்போடு தலைசுற்றல் வந்தவர் அன்று மேற்கொண்டு ஓரடியும் ஓடக்கூடாது.

உயர்ந்த மலைகளில் கூடுதலாக ஒன்று சேர்கிறது. அங்கே "ரொம்பக் களைப்பா இருக்கு" என்பது மூளை வீக்கத்தின் முதல் சொல்லாகவும் இருக்கலாம். குழுவில் ஒருவர் பின்தங்கிக்கொண்டே போகிறாரா, கூடாரத்தை விட்டு வர மறுக்கிறாரா, ஒரு கோட்டின் மேல் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இறக்குங்கள்.

கூட இருப்பவர் எப்படிச் சோதிப்பது? "நல்லா இருக்கியா?" என்று கேட்காதீர்கள். நினைவு தப்பப்போகிறவர்கூட "ம்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பதிலுக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. யோசித்துப் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். அடுத்த நிறுத்தம் எத்தனையாவது கிலோமீட்டர், கடைசியாக என்ன சாப்பிட்டாய், எப்போது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல். ஒரு பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள், ஜிப்பைப் போடச் சொல்லுங்கள், பத்தடி நேராக நடக்கச் சொல்லுங்கள். இதே கேள்விகளைப் புறப்படும் முன்பே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சிலருக்குத் தெம்பாக இருக்கும்போதும் ஏழு ஏழாகக் கழிக்க வராது. குணத்தில் வரும் மாற்றத்தையும் கவனியுங்கள். வாய் ஓயாமல் பேசுகிறவர் அடங்கிப்போவது, அமைதியானவர் சண்டைக்கு வருவது, "என்னை விட்டுட்டுப் போ" என்று எரிந்து விழுவது. எனக்குத் தெரிந்தவரை மிகவும் நம்பத்தகுந்த முன்னறிகுறி இந்தக் கடைசி வகைதான். அப்படிச் சொல்கிறவரைத் தனியே விடவே கூடாது. நிறுத்தச் சொன்னால் கட்டாயம் மறுப்பார். அவரோடு வாதாடாதீர்கள், தோளைப் பிடித்து நிழலில் உட்கார வையுங்கள்.

தனியாகப் போகிறவர் கைப்பேசியில் அரை மணிக்கு ஒரு முறை மணியடிக்க வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கைப் போட்டு, தன் பெயரையும் போகும் இடத்தையும் உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். குரல் குழறுவது காதுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், புறப்படும் முன்பே விதிகளைத் தாளில் எழுதுவது: இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவேன், இரண்டு முறை வாந்தி வந்தால் நிறுத்துவேன், இரண்டு முறை காரணமில்லாமல் விழுந்தால் நிறுத்துவேன். அந்தத் தாளின் நகல் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் தேடச் சொல்லியும் வையுங்கள்.

தொடங்கவே கூடாத நாட்களும் இருக்கின்றன. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு, முந்தைய நாள் மது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைப்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்துக்கு வந்தவருக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அதுவரை வழக்கமான வேகம் அவருடைய வேகம் இல்லை. ஊக்க மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967 ஜூலை 13 அன்று பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மோன் வாந்தூ மலை ஏற்றத்தில் பிரிட்டனின் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். கடும் வெயில், உடம்பில் ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன. ஆம்பெட்டமின் உடம்புக்குப் புதிதாக எந்தச் சக்தியையும் தருவதில்லை. நிறுத்தச் சொல்லும் குரலை அடக்கிவிடுகிறது; சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

தேறிய பிறகும் அவசரம் கூடாது. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர் குறைந்தது ஒரு வாரம் எந்த உடற்பயிற்சியும் செய்யக்கூடாது. கல்லீரல், சிறுநீரகம், தசை நொதி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் இயல்புக்கு வந்ததை மருத்துவர் பார்த்தபின், முதலில் குளிர்ந்த சூழலில் மெதுவாகத் தொடங்கி, இரண்டு வாரம்போல் படிப்படியாக நேரத்தையும் வேகத்தையும் வெப்பத்தையும் கூட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்தும் பழைய வெப்பத்தைத் தாங்க முடியவில்லையென்றால் வெப்பத் தாங்குதிறன் சோதனை செய்துகொண்டு பிறகு தொடருங்கள். சோடியம் குறைந்து மருத்துவமனை போனவர் அடுத்த நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கட்டும். முடிக்கும்போது எடை கூடியிருந்தால் இன்னும் அதிகமாகவே குடிக்கிறார்.